பனி தட்டிய கயிறு

ஒலக்கூரிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளியிருக்கும் அந்த ஊரில், மார்கழி மாதத்தில் நெல்லுக்குக் கயிறு போடாத ஒரே மனிதர் தாண்டவராயன்தான்.

கயிறு போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மார்கழியில் விடிகிற நேரத்துக்குப் பயிரெல்லாம் பனித்துளி கோத்துக்கொண்டு நிற்கும். வெயில் ஏறும்வரை அந்த ஈரம் தாளிலேயே தங்கினால் குலைநோய் வந்து, கதிரின் கழுத்து கறுத்து, நெல் பதராகிவிடும். அதனால் கிழக்கு வெளுக்கும்போதே இரண்டு பேர் எதிரெதிர் வரப்பில் நின்று, நீளமான கயிறு ஒன்றைப் பயிரின் தலையில் உரசும்படி பிடித்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பார்கள். துளியெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். காலணா செலவில்லாத வைத்தியம். ஆனால் கயிற்றுக்கு இரண்டு முனை, இரண்டையும் ஒரே ஆள் பிடிக்க முடியாது.

“எனக்கு ஏது ஆளு?” என்பார் தாண்டவராயன், யாராவது கேட்டால். கேட்பவர்களுக்கும் அது நியாயமாகத்தான் படும். பெண்சாதி வீரம்மாள் செத்து ஏழு வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி கிடையாது. ஒரு கோழி வளர்த்தார், அதையும் கீரிப்பிள்ளை கொண்டுபோய்விட்டது. ஒரு பானை சோறு பொங்கி இரண்டு நாள் வைத்துத் தின்கிற மனிதரிடம் கயிற்றைப் பற்றி என்ன கேட்பது?

பக்கத்து வயல் சவுரியம்மாள் மட்டும் விடமாட்டாள். “நான் வந்து புடிக்கிறேன் அண்ணே. எங்க வயலுக்குப் போட்டுட்டு அப்பிடியே ஒங்களுதுக்கும் போட்டுடலாம். அர மணி நேர வேல” என்பாள் ஒவ்வொரு மார்கழியிலும்.

“அடுத்த வருசம் பாக்கலாம்மா” என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுவார். ஐந்து அடுத்த வருஷங்கள் ஆகிவிட்டன. வருஷா வருஷம் பாதி நெல் பதராகப் போகிறது. கயிறு இல்லாமலும் இல்லை. வீட்டுப் பரண்மேல் முப்பது பாக நீளத் தேங்காய்நார்க் கயிறு சுருட்டியபடி கிடக்கிறது. அதைத் தொடத்தான் அவருக்குக் கை வரவில்லை. அந்தக் கதையை அவர் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. அவர் சொல்லாவிட்டால் போகிறது, நான் சொல்கிறேன்.

எண்பத்தோராம் வருஷம் அவருடைய தம்பி சீனுவாசன் ஊட்டியிலிருந்து கடிதம் போட்டான். அவன் கேத்திப் பக்கம் குத்தகைக்கு நிலம் பிடித்து உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டுக்கொண்டிருந்தான். ‘அண்ணி போனபிறகு நீ ஒண்டியாக அங்கே கிடந்து என்ன செய்யப்போகிறாய். வந்துவிடு. கடைசிவரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று எழுதியிருந்தான். தாயில்லாமல் போனபிறகு தாண்டவராயன் தோளில் போட்டு வளர்த்த தம்பி. கடிதத்தை நாலு தடவை படித்தார். நிலத்தை வேறொருவருக்கு வாரத்துக்கு விட்டார். தகரப் பெட்டியில் துணிமணியை அடுக்கினார். பெட்டியின் தாழ்ப்பாள் உடைந்திருந்ததால் வயலில் பனி தட்டுகிற கயிற்றையே சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டு, புரட்டாசியில் மலையேறினார். இனிமேல் இறங்குவதில்லை என்ற முடிவோடுதான் ஏறினார்.

சீனுவாசனின் மனைவி கெங்கம்மாள் வளவனூர்ப் பெண். கலகலப்பானவள். மூத்தார் எதிரில் அதிகம் பேசமாட்டாள் என்றாலும் அவருக்கு வெந்நீர் வைப்பதும் கம்பளி உதறிப் போடுவதுமாகக் குறை வைக்கவில்லை. அவளுக்கு ஒரு பேர் இருந்தது. கைராசிக்காரி. வளவனூரில் கல்யாணத்துக்கு முன்பு விதைக்கிற நாளென்றால் நாலு வீட்டில் அவளைக் கூப்பிட்டு முதல் விதையைப் போடச் சொல்வார்களாம். மலையிலும் அந்த வரிசை வீட்டுக்காரர்கள் கிழங்கு நடும்போது, “கெங்கம்மா, ஒரு கை வெச்சிட்டுப் போ” என்று கூப்பிடுவதை அவரே கண்ணால் பார்த்தார். சீனுவாசனும் ஓடையோரப் பள்ளத்து வயலில் அவள் கையால்தான் முதல் கிழங்கை நடவைத்தான். மார்கழிக்குள் செடி முழங்கால் உயரம் எழும்பிக் கரும்பச்சையாக நின்றது. மண்ணுக்குள் கிழங்கு அப்போதுதான் கோலிகுண்டு அளவு.

மார்கழி பாதியில் ஒருநாள் சாயந்திரம் சீனுவாசன் கேரட் லாரியோடு மேட்டுப்பாளையம் போனான். “வயல பாத்துக்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. ஒரு துண்டு மேகமில்லை. இலை அசையவில்லை. பொழுது சாய்ந்ததும் குளிர் எலும்பில் இறங்கியது. தாண்டவராயன் இரண்டு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

விடிகிற நேரத்தில் வயலுக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். வயல் முழுக்க வெள்ளை. ஒவ்வொரு இலையின் விளிம்பிலும் உப்புப் பூத்தாற்போல் வெள்ளை. வரப்புப் புல்லில் கால் வைத்தால் நொறுக் நொறுக்கென்றது. தொட்டுப் பார்த்தார், விரலில் கரைந்து நீராயிற்று. நீரானதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார். குளிர் ஊரில் துளி இப்படித்தான் கெட்டியாக விழும்போல. இவ்வளவு ஈரம் வெயில்வரை தங்கினால் பயிர் என்னத்துக்கு ஆகும்? தம்பி இல்லாத நேரத்தில், தம்பி சோற்றைத் தின்கிற நாம் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதா?

வீட்டுக்கு ஓடினார். பெட்டியிலிருந்து கயிற்றை அவிழ்த்தார்.

“எம்மா, கொஞ்சம் இந்த முனைய வந்து புடிம்மா.”

கெங்கம்மாள் வெளியே வந்து வயலைப் பார்த்தாள். “அவரு வந்துடட்டுமே மாமா. இந்த ஊர்ல யாரும் கயிறு போட்டு நான் பாத்ததில்ல.”

“இவங்களுக்கு இன்னா தெரியும்? வெயிலு ஏர்றதுக்குள்ள தட்டிடணும். ஜல்தி வா.”

மூத்தார் சொல்லும்போது அதற்கு மேல் அவள் என்ன பேசுவாள்? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர் வரப்பில் போய் நின்றாள். இருவரும் நடந்தார்கள். ஊரில் கயிறு போட்டால் மழைத்தூறல் மாதிரி ஓசை வரும். இங்கே கண்ணாடி வளையல் உடைகிற சத்தம் வந்தது. இலை நுனிகள் முறிந்து முறிந்து விழுந்தன. பழுத்த இலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர் இன்னும் அழுத்தி இழுத்தார். அரை ஏக்கரையும் தட்டி முடித்தபோது உள்ளங்கையில் கயிறு அறுத்து ரத்தம் கசிந்தது. அதுகூட அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மலை மறைவிலிருந்து வெயில் ஒன்பது மணிக்கு வயலில் விழுந்தது. முதலில் இலையெல்லாம் வேகவைத்த கீரை போலத் துவண்டது. பத்து மணிக்குக் கறுத்தது. அரை ஏக்கரும் தீ வைத்தாற்போல் கறுத்து, ஒரு புளித்த வாடை எழுந்தது. மேற்கே சரிவில் இருந்த மேட்டு வயலோ ஓரம் மட்டும் வாடிப் பச்சையாகவே நின்றது. அந்த வயலுக்கு யாரும் கயிறு போடவில்லை.

சீனுவாசன் பதினொரு மணிக்கு வந்தான். வயலைப் பார்த்தான். முறிந்து விழுந்த இலை நுனிகளைப் பார்த்தான். வரப்பில் கிடந்த கயிற்றைப் பார்த்தான்.

“யாரு கயிறு போட்டது?”

தாண்டவராயன் வாயைத் திறந்தார். திறந்தார் என்பது சத்தியம். ஆனால் நாக்கு எழவில்லை. ‘நான்’ என்கிற ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் கடைசிவரைக்கும் பார்த்துக்கொள்கிறேன் என்ற தம்பியின் முகம் எப்படி மாறுமோ என்ற பயம் தடுத்துவிட்டது.

“நான்தான் போட்டேன்” என்றாள் கெங்கம்மாள்.

சீனுவாசன் அவளைக் கன்னத்தில் அறைந்தான். தாண்டவராயன் ஓடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இவ்வளவுதான் கதை. சாயந்திரத்துக்குள் அவளே புருஷனிடம் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் சொன்னபிறகு தம்பி முகத்தில் விழிக்கக் கூடாது என்று மறுநாள் காலை புறப்பட்டும்விட்டார். சீனுவாசன் தடுக்கவில்லை. “ஒனக்கு இந்தக் குளுரு ஒத்துக்கல” என்று மட்டும் சொல்லிவிட்டு, அதே கயிற்றால் அந்தத் தகரப் பெட்டியை அவனே கட்டிக் கொடுத்தான். கட்டும்போது அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்து கயிற்றைப் பரணில் எறிந்தவர்தான். கடிதம் போடவில்லை, அவனும் போடவில்லை. இரண்டு வருஷம் கழித்துச் சீனுவாசன் குத்தகையை விட்டுவிட்டு இறங்கி வந்து விழுப்புரம் மார்க்கெட்டில் உருளைக்கிழங்குக் கடை வைத்திருப்பதாக யாரோ சொன்னார்கள். ஒரு பஸ் ஏறினால் விழுப்புரம். தாண்டவராயன் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. ஏதாவது ஜோலியாகப் போக நேர்ந்தாலும் மார்க்கெட் தெருவை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்தபிறகு வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. தன் சொந்த இருமல் சத்தத்துக்கே சில சமயம் திடுக்கிட்டுப்போவார். செய்த பாவத்துக்கு அனுபவிக்கிறோம் என்று நினைப்பார். அப்படி நினைப்பதில் ஒரு திருப்திகூட இருந்தது அவருக்கு.

எண்பத்தாறு மார்கழியில் குலைநோய் வயலைப் பாதிக்கு மேல் பிடித்தது. பொறுக்கமாட்டாமல் மருந்து வாங்கத் திண்டிவனம் விவசாய டிப்போவுக்குப் போனார். வரிசையில் நின்றவர்கள், புதிதாக வந்திருக்கும் ஆபீசர் இருதயராஜ் ஊட்டியிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று பேசிக்கொண்டார்கள்.  ஊட்டி என்ற பேரைக் கேட்ட தாண்டவராயன் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டபிறகும் நகரவில்லை.

“இன்னா பெரியவரே, இன்னும் ஏதாவது வேணுமா?”

“ஒண்ணுமில்ல சார். எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா. நம்ம பக்கத்து அம்மாதான். அஞ்சு வருசத்துக்கு முன்னால ஊட்டியில கெழங்கு போட்டிருந்தாங்க. உறைபனி விழுந்தன்னிக்கி, தெரியாம அது மேல கயிறு போட்டுட்டாங்க. மொத்தமும் கருகிப்போச்சு.”

இருதயராஜ் பேனாவை மூடினார். “வயலு எங்க இருந்துச்சு? மேட்டுலயா?”

“இல்ல சார். ஓட ஓரமா, பள்ளத்துல. மேக்கால மேட்டு வயலு ஒண்ணு இருந்துச்சு, அது தப்பிச்சிடிச்சு.”

“தப்பிக்கத்தான் செய்யும்.” அவர் சிரித்தார். “பாருங்க, பகல்ல மண்ணு சூட்ட வாங்கி வெச்சிக்கும். ராத்திரி அத மானத்துக்கு விட்டுடும். மேகம் இருந்தா போர்வ மாதிரி புடிச்சி நிறுத்தும். மேகமில்ல, காத்துமில்லன்னா சூடு பூரா போயிடும். குளுந்த காத்து கனமானது. சரிவுல தண்ணி எறங்கற மாதிரி எறங்கிப் பள்ளத்துல வந்து தேங்கிக்கும். எல மேல காத்துல இருக்கிற ஈரம் தண்ணியா மாறாமலே நேரா ஐஸா ஒட்டும். வெளிய நாம பாக்கற வெள்ள அதுதான். ஆனா சங்கதி உள்ள நடக்குது. எலக்குள்ள இருக்கிற தண்ணியும் ஒறைஞ்சி, ஊசி ஊசியா எழும்பி, உள்ளயே எல்லாத்தையும் கிழிச்சிப்புடும். விடியறதுக்கு முன்னாடியே எல செத்துப்போச்சு. வெயில் வந்தாத்தான் அது நமக்குத் தெரியும்.”

“அப்ப கயிறு?”

“கயிறு போட்டாலும் போனதுதான், போடாட்டியும் போனதுதான். பொணத்த அடிச்சா வலிக்குமா? பொழுது சாய முன்னாடியே தண்ணி பாய்ச்சி மண்ண ஈரமா வெச்சிருந்தா ஒருவேள கொஞ்சம் தப்பிச்சிருக்கும். ஈரமண்ணு சூட்ட சீக்கிரம் விடாது.” அவர் அடுத்த சீட்டை எடுத்தார். “அந்த அம்மாகிட்ட போயி சொல்லுங்க. பாவம், அஞ்சு வருசமா மனசுல போட்டு பொசுங்கிக்கினு இருப்பாங்க.”

தாண்டவராயன் சீட்டைக் கொடுத்து மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து ஒரு டீ குடித்தார். உடம்பு லேசாக இருந்தது. இன்னொரு டீ குடித்தார். ஐந்து வருஷம்! செத்த பயிரை அடித்ததற்கா இத்தனை வருஷம் தண்டனை? தம்பியிடம் சொல்லிவிட வேண்டும், இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று மருந்து டப்பாவும் கையுமாக விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். விக்கிரவாண்டி தாண்டும்போது தனக்குள் சிரித்துக்கொண்டார். ஆபீசரிடம் கயிறு போட்டது ஒரு அம்மா என்று மறுபடியும் அவள் தலையிலேயே கட்டிவிட்டு வந்திருக்கிறோம் என்பது அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை.

மார்க்கெட்டின் கோடிக் கடையில் மூட்டைகளுக்கு நடுவே கெங்கம்மாள் அழுகின கிழங்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள் காதோரம் நரைத்திருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“வாங்க மாமா. அவரு ரயிலடிக்கு லோடு எடுக்கப் போயிருக்காரு. வர்ற நேரந்தான். ஒக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. சின்னப் பிள்ளைபோல் மடமடவென்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். மேகம், மண்ணின் சூடு, பள்ளத்தில் தேங்குகிற காற்று, இலைக்குள் எழும்பிய ஊசி. “கயிறு போட்டாலும் போடாட்டியும் போனதுதானாம்மா! அந்த அம்மாகிட்ட போயி சொல்லுங்கன்னாரு.”

“எந்த அம்மா?”

தாண்டவராயன் மருந்து டப்பாவை ஒரு மூட்டைமேல் வைத்தார்.

“ஆபீசர்கிட்ட யாரு கயிறு போட்டதா சொன்னீங்க மாமா?”

  பதில் அவர் முகத்திலேயே இருந்தது.

கெங்கம்மாள் குனிந்து மறுபடியும் கிழங்கைப் பொறுக்கினாள். குரலை உயர்த்தாமல் பேசினாள். “போன ஆவணியில எங்க அண்ணன் மல்லாட்ட போட்டான். நான் அங்கதான் இருந்தேன். முன்னெல்லாம் நான் போயி மொதல் வெத போட்டாத்தான் ஏர் நகரும். இப்ப, வெதச்சி முடியறவரைக்கும் நீ ஊட்டுக்குள்ளயே இரு கெங்கான்னுட்டான். எங்க அம்மாவும் ஒண்ணும் சொல்லல. இங்க பின்னால ஒரு மல்லிச் செடி வெச்சேன். இவரு புடுங்கிப் போட்டாரு. ஒங் கை பட்டா கருவிடும்னாரு. சிரிச்சிக்கினேதான் சொன்னாரு.”

“நீ அன்னிக்கி சாயந்திரமே சொல்லியிருப்பன்னு நெனச்சேம்மா.”

“நீங்க சொல்லுவீங்கன்னு நான் நெனச்சேன். பெட்டியக் கட்டிக்கினு போனப்பறம்தான் தெரிஞ்சிது. ஊருக்குப் போயி கடுதாசி போடுவீங்கன்னு கொஞ்ச நாளு பாத்தேன்.”

 அவர் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருஷமாகத் தான் தனியாக அனுபவிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்ததுதான். தண்டனையை முழுக்க இந்தப் பெண் அனுபவித்திருக்கிறாள். வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை. மண்ணுக்குள் போய்விடலாம்போல் இருந்தது.

கைவண்டியில் மூட்டைகளோடு சீனுவாசன் வந்தான். அண்ணனைக் கண்டதும் வண்டியை நிறுத்தினான். தொப்பை விழுந்திருந்தது. “வாண்ணே” என்றான், நேற்றுப் பார்த்த மாதிரி.

தாண்டவராயன் இந்தமுறை வாயைத் திறந்ததும் சொல்லிவிட்டார். “சீனு, ஊட்டியில கயிறு போட்டது நான்தாண்டா. இந்தப் பொண்ணு வேணாம்னுதான் சொல்லிச்சு. நான்தான் கூப்ட்டு முனையக் கையில குடுத்தேன்.”

சீனுவாசன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். கெங்கம்மாளைப் பார்க்காமல் சொன்னான்.

“எனக்குத் தெரியும்ணே.”

“தெரியுமா?”

“வளவனூருல கயிறு போடற வழக்கமே கெடையாது. அவளுக்கு எப்பிடித் தோணும்? அதுவும் போவ, ஒம் பெட்டிய கட்டறப்போ ஒங் கையப் பாத்தனே. கயிறு அறுத்திருந்துச்சு.”

“தெரிஞ்சிக்கினு ஏன்டா அந்தப் பொண்ண...”

“ஒன்னக் கேக்க முடியுமாண்ணே? நீ என்ன வளத்தவன்.” அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். “அன்னிக்கி மேட்டு வயல்காரரு படிச்சிப் படிச்சி சொன்னாரு. மானம் தெளிவா இருக்கு, வெளியூரு போவாத, தண்ணி பாய்ச்சி வெய்யின்னாரு. நான்தான் ஒரு நாளுல இன்னா ஆவப்போவுதுன்னு போயிட்டேன். யாரயாச்சும் ஒருத்தர அடிச்சாத்தான் எனக்கு ஆறும்போல இருந்துச்சு. அவ நானுன்னா. அப்பிடியே விட்டுட்டேன்.”

பேசி முடித்தபிறகுதான் அவள் அங்கே நிற்பது அவனுக்கு நினைவு வந்தாற்போலிருந்தது. கெங்கம்மாள் கையில் எடுத்த கிழங்கை அப்படியே வைத்திருந்தாள். அழவில்லை. ஒரு பெண்பிள்ளை பையை நீட்டி ஒரு கிலோ கேட்டாள். கெங்கம்மாள் தராசில் கல்லை வைத்து, கிழங்கை அள்ளிப்போட்டு, சரியாக நிறுத்துக் கொடுத்து, சில்லறையும் வாங்கிப் போட்டாள். பிறகு தாண்டவராயன் பக்கம் திரும்பினாள். அந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

“நீங்க மல்லாட்ட எப்ப போடுவீங்க?”

“தை அஞ்சாந்தேதிம்மா.”

“சரி.”

அவ்வளவுதான்.  ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்ட லட்சணம் அண்ணன் தம்பி இருவருக்குமே தெரிந்துவிட்டது. தாண்டவராயன் பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தார். மருந்து டப்பாவைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது.

தை பிறந்தது. ஐந்தாம் தேதி காலை எட்டு மணிக்கெல்லாம் தாண்டவராயனின் மேட்டு நிலமான கொல்லையில் வேர்க்கடலை போட ஏர் பூட்டி நின்றது. விதை போடச் சவுரியம்மாளும் இன்னும் நாலு பெண்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தாண்டவராயன் பஸ் நிற்கிற புளியமரத்தடிக்கும் கொல்லைக்குமாக நடந்தார். எட்டரை பஸ் போயிற்று. ஒன்பது பஸ்ஸும் போயிற்று.

“மண்ணு ஈரம் காஞ்சிக்கினு இருக்கு அண்ணே. யாருக்கோசரம் நிக்கிறோம்?” என்றாள் சவுரியம்மாள்.

“கொஞ்சம் பொறும்மா.”

பத்து மணி பஸ்ஸில் கெங்கம்மாள் இறங்கினாள். கூட யாரும் இல்லை. வெளுத்த நீலப் புடவை, கையில் ஒரு துணிப்பை. ஊர்ப் பெண்கள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

 தாண்டவராயன் ஏர்க்காரனிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “எங்க தம்பி சம்சாரம். கைராசிக்காரங்க. ஊட்டியில ஒரு வயலு கருகிச்சின்னு இவங்க மேல ஒரு பழி இருக்கு. அந்த வயலுல கயிறு போட்டது நான். இவங்க இல்ல. இன்னிக்கி மொத வெத இவங்கதான் போடறாங்க.”

 சவுரியம்மாள் அவரை ஒருமாதிரியாகப் பார்த்தாள். ஐந்து மார்கழி கயிறு போடாததற்குக் காரணம் அவளுக்கு அப்போது புரிந்திருக்கும்.

கெங்கம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உழவுச் சாலில் இறங்கினாள். கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கூடையிலிருந்து ஒரு பிடி மல்லாட்டைப் பருப்பை அள்ளினாள். முதல் விதையைச் சாலில் மெதுவாக வைத்தாள். இரண்டாவதைத் தயங்காமல் போட்டாள். ஏர் நகர்ந்தது. ஒரு சால் முடிந்தால் போதும், வழக்கம் அவ்வளவுதான். அவள் நிறுத்தவில்லை. ஏருக்குப் பின்னாலேயே நடந்து, மற்றப் பெண்களோடு சேர்ந்து, கொல்லை முடிகிறவரை போட்டாள்.

கைகால் கழுவியதும் அவர் சொன்னார்: “ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போம்மா. பருப்பு கடைஞ்சி வெச்சிருக்கேன்.”

“வேணாம் மாமா. பஸ்ஸுக்கு நேரமாச்சி.”

“மோராவது...”

“வேணாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாகச் சுட்டது. பஸ் வருகிறவரை புளியமரத்தடியில் இருவரும் நின்றார்கள். மன்னிச்சிடும்மா என்று சொல்ல அவர் மூன்று தடவை வாயெடுத்தார். பஸ்ஸின் படியில் கால் வைத்தபிறகு அவளே திரும்பினாள்.

“மொளச்சா எழுதுங்க. எம் பேருக்கு எழுதுங்க, கடை விலாசத்துக்கு. கவரு வேணாம். கார்டே போதும்.”

எட்டாம் நாள் விடிகாலை அவர் கொல்லைக்குப் போனார். மண் விண்டு, விதை தலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தது. சால் சாலாக, ஒரு பொக்கைகூட இல்லாமல். ஒவ்வொரு முளையிலும் பனித்துளி நின்றது. அது வெறும் துளி, தொட்டால் விரலை நனைத்தது. அவ்வளவு பெரிய கொல்லையில் அவரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. “கெங்கம்மா, மொளச்சிடிச்சும்மா” என்று வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

ஒலக்கூர் தபாலாபீசில் ஒரு கார்டு வாங்கினார். கவர் வேண்டாம் என்று அவள் ஏன் சொன்னாள் என்பது, பேனாவைக் கடன் வாங்கிக்கொண்டு அங்கேயிருந்த மேஜையில் குனிந்தபோதுதான் அவருக்குப் பிடிபட்டது. கார்டை எல்லோரும் படிப்பார்கள். இந்தத் தபால்காரன் படிப்பான், விழுப்புரம் தபால்காரன் படிப்பான், பக்கத்துக் கடைக்காரன் படிப்பான். சீனுவாசன் படிப்பான். அவள் அதை எடுத்துக்கொண்டு வளவனூர் போனால் அவளுடைய அண்ணனும் அம்மாவும் படிப்பார்கள்.

எழுத்து கோணலாகத்தான் வந்தது. எல்லோருக்கும் புரியும்படி பெரிதாகவே எழுதினார்.

‘கெங்கம்மாளுக்கு. நீ போட்ட விதை பழுதில்லாமல் முளைத்துவிட்டது. ஊட்டி வயல் உறைபனியில் போனது, உன் கையால் அல்ல. கயிறு போட்டது நான். அன்றைக்குச் சொல்லாமல் போனதும் நான். இப்படிக்கு, தாண்டவராயன்.’

கார்டைப் பெட்டியில் போட்டார். பதில் வராது என்று தெரிந்தே, மறுநாளிலிருந்து தபால்காரன் வருகிற நேரத்துக்கு வாசலில் வந்து நின்றார்.